மாட்டுங்கா தபால்பெட்டி

சொந்த ஊரில் இருக்கும் என் ஓட்டுரிமையை மும்பைக்கு மாற்றிவிடலாமா? மனசு வரவில்லை. (தாராவி வாசகர்)

மாற்றுங்கள் சார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நீங்கள் திட்டுவது இந்த ஊர் கவுன்சிலரை, ஓட்டு மட்டும் திருநெல்வேலியிலா? இரண்டு இடத்து வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கக் கூடாது என்பது சட்டம். முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுத்தால் போதும். நானும் பத்து வருஷம் இழுத்தடித்தவன்தான், ஓட்டுப் போட ஊருக்குப் போகிறேன் என்று லீவு வாங்கி, உண்மையில் போனது கோவில் கொடைக்கு.

நோட்டா போட்டதுண்டா? (முலுண்ட் வாசகி)

ஒருமுறை. 2013இல் வந்த பொத்தான், ஆசைக்கு அமுக்கினேன். அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் முந்தியவர்தான் ஜெயிப்பார் என்று அப்புறம் தெரிந்தது. சப்பென்று ஆகிவிட்டது.

பிடித்த ராகம்? (செம்பூர் வாசகி)

ஹம்சத்வனி. முத்துசுவாமி தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியது என்பார்கள். நம்ம கச்சேரியில் பிள்ளையாருக்குப் பாடித் தொடங்கும் அந்த ராகத்தை இந்துஸ்தானிக்குக் கொண்டுபோனவர் அமான் அலி கான், இதே மும்பையின் பெண்டி பஜார் கரானாக்காரர் (கரானா என்றால் இசைப் பரம்பரை)! அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், ஹாரன் சத்தத்துக்கு நடுவே எனக்குள் அது ஓட ஆரம்பித்துவிடும், பக்கத்து சீட்காரர் முறைப்பார்.

சிகரெட்டை எப்படி விட்டீர்கள்? (சயான் வாசகர்)

எனக்கு சிகரெட்டும் கட்டிங் சாயும் (கடையில் குடிக்கும் அரை கிளாஸ் டீ) ஜோடி. சாயை வீட்டிலேயே குடிக்கத் தொடங்கினேன், வீட்டில் அம்மா இருந்தார். மூன்று தடவை தோற்றேன், நாலாவது நிற்கிறது. இப்போது கெட்ட பழக்கம் ராத்திரி செல்போன். அதற்கு நீங்கள் யாராவது வழி சொல்லுங்கள்.