மூன்றாம் பாகத்தில் கில்மேன் சட்டை போட்டிருப்பது ஏன்?

மீனும் மனிதனும் கலந்த நீர்வாழ் அரக்கனான கில்மேன் மூன்றாம் படத்தில் சட்டையும் பருத்த உடம்புமாக வருவதைப் பார்த்து, நடுவில் ஒரு படத்தைத் தவறவிட்டோமா என்று ஏமாற்றத்தோடு கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எந்தப் படத்தையும் தவறவிடவில்லை. 'க்ரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' (1954) வரிசையில் மொத்தமே மூன்று படங்கள்தான். 1956-இல் வந்த 'தி க்ரீச்சர் வாக்ஸ் அமங் அஸ்' கடைசி. உருவம் மாறியது கதையிலேயே நடப்பது.

நடுவில் கொஞ்சம் ஓட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் இரவில் அதைப் பிடிக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். தீயில் செவுள்கள் கருகிவிடும். உள்ளே நுரையீரல் இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடிப்பார்கள். அப்புறம்தான் உடை. தரைக் காட்சிகளில் கில்மேனாக நடிப்பவரும் வேறு, டான் மெகோவன். அந்தப் பருத்த உடம்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏமாற்றம் நியாயமானதே. முதல் இரண்டையும் இயக்கிய ஜாக் அர்னால்ட் இதில் இல்லை, ஜான் ஷெர்வுட் இயக்கினார். முதல் இரண்டிலும் இருந்த முப்பரிமாணமும் (3D) போயிற்று. நீருக்கடியில் அந்த உயிர் நீந்தும் அழகுக்காகவே இந்த வரிசையைப் பார்க்கிறோம். அதைத் தரையில் கூண்டில் அடைத்துவிட்டு, ஒரு கணவனின் சந்தேகப் புத்தியை நீட்டுகிறார்கள்!

ஒன்று மட்டும்: கடைசிக் காட்சியை ஓட்டிவிடாதீர்கள். இனி நீரில் மூச்சுவிட முடியாத அது கடலை நோக்கி நடப்பது, மூன்று படங்களிலும் சோகமான இடம்.