மைன்கிராஃப்ட் விளையாட்டில் டிராகனைக் கொன்றுவிட்டேன். எலைட்ரா இறக்கை தேடி எண்ட் உலகத்தின் வெளித்தீவுகளுக்குத் தனியாகப் போகலாமா? நெதரைட் கவசம் இருந்தால் போதுமா?

போகலாம். ஆனால் விளையாட்டிலேயே வலுவான நெதரைட்கூடப் போதாது. இந்த இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கலாம்தான். உங்கள் கேள்வியின் கடைசி நாலு வார்த்தை பழைய வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. வயது 44. நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிற வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவனுக்குத் துணையாக இந்த விளையாட்டுக்குள் வந்தேன். இப்போது அவன் பிளஸ் டூ. அவனுக்கு நேரமில்லை, நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். "இந்த வயதில் இதெல்லாம் தேவையா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் ஒருவர் கிரிக்கெட் மேட்சை நேரலையில் பார்த்துவிட்டு, அதையே ராத்திரி ஹைலைட்ஸிலும் பார்க்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை. நான் விளையாடுவது ஜாவா பதிப்பு. பெட்ராக் என்ற இன்னொரு பதிப்பில் சில விஷயம் வேறு மாதிரி இருக்கும், "அக்கா தப்பா சொல்றாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. டிராகனுக்கு 200 உயிர், பத்துத் தூண், உச்சியில் அதைக் குணமாக்கும் கிரிஸ்டல், அதிலும் இரண்டுக்குக் கம்பிக் கூண்டு. இவ்வளவையும் தாண்டி வந்து, ஒரே மூச்சில் 12,000 எக்ஸ்பியும் (அனுபவப் புள்ளி) கிடைத்தபின், இனி நம்மை யார் அசைப்பது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இத்தனைக்கும் டிராகனைக் கொன்றது முக்கால்வாசி என் மகன். எண்டில் கட்டிலில் படுக்கப் போனால் வெடிக்கும் இல்லையா, அதையே ஆயுதமாக்கி முடித்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்று அம்பு விட்டேன். சரி, அந்தக் கதை வேண்டாம்.

வெளித்தீவுகள் வேறு ரகம். 2016இல் விளையாட்டின் 1.9 பதிப்பு வரும்வரை எண்டில் சுற்றிப்பார்க்க அந்த ஒற்றைத் தீவுதான். இப்போது டிராகன் செத்ததும் தீவின் ஓரத்தில் ஒரு சின்ன நுழைவாயில் முளைக்கும், அதற்குள் எண்டர் பெர்ல் என்ற மாய முத்தை எறிந்தால் சுமார் ஆயிரம் பிளாக் தள்ளிக் கொண்டுபோய் விடும். அங்கே பகல் இல்லை, இரவு இல்லை. திசைகாட்டியை எடுத்தால் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். தீவுக்கும் தீவுக்கும் நடுவே வெறும் வாய்ட், அடியில்லாப் பள்ளம். எனக்குத் தெரிந்து அங்கே நிஜமான எதிரி அது ஒன்றுதான். எண்டர்மேன்கள் என்ற உயரமான கறுப்பு உருவங்கள் கூட்டமாக நிற்பார்கள், ஆனால் நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதவரை சும்மா இருப்பார்கள். வெட்டிய பூசணிக்காயைத் தலையில் மாட்டிக்கொண்டால் பார்த்தாலும் கோபப்பட மாட்டார்கள். கண்ணேறுக்குப் பூசணிக்காய் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதித் திரை மறைந்துவிடும் என்பதால் பாலம் கட்டும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

இப்போது நெதரைட்டுக்கு வருகிறேன். நெதரைட் பொருள் லாவாவில் விழுந்தாலும் எரியாது. அந்தப் பெருமையில்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். வாய்டில் விழுந்தால் நெதரைட்டும் ஒன்றுதான், மரக்குச்சியும் ஒன்றுதான். கையில் சாவைத் தடுக்கும் டோட்டம் வைத்திருந்தாலும் அங்கே காப்பாற்றாது. வேறெங்கே செத்தாலும் சாமான் தரையில் கிடக்கும், ஓடிப்போய்ப் பொறுக்கலாம். இங்கே பொறுக்குவதற்குத் தரை இல்லை.

என் கதை இதுதான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. மகனும் நானும் ஒன்றாக விளையாட, என் உலகத்தை லேனுக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்கு, திறந்து வைத்திருந்தேன். அவன் கொஞ்ச நேரத்தில் டியூஷனுக்குக் கிளம்பிவிட்டான். நான் மட்டும் வெளித்தீவில் நடந்து நடந்து ஒரு எண்ட் நகரத்தைக் கண்டுபிடித்தேன். ஊதா நிறக் கோபுரங்கள், பக்கத்தில் அந்தரத்தில் மிதக்கும் கப்பல். கப்பல் எல்லா நகரத்திலும் இருக்காது, இதில் இருந்தது. கோபுரத்துக்குள் ஷல்கர்கள். பெட்டி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மூடி திறக்கும், குண்டு விடும், அந்தக் குண்டு நம்மைத் துரத்திக்கொண்டே வரும். பட்டால் பத்து விநாடி பலூன் மாதிரி மேலே போவோம். விளைவு தீர்ந்ததும் கல் மாதிரி கீழே வருவோம். ஆனால் குண்டை வாளால் அடித்தே உதிர்த்துவிடலாம், பழகினால் பயமில்லை. ஒவ்வொரு மாடியாக முடித்து 11 ஷல்கர் ஓடு சேர்த்தேன். இரண்டு ஓடும் ஒரு செஸ்டும் சேர்ந்தால் ஒரு ஷல்கர் பெட்டி. உடைத்து எடுத்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், 27 கட்டமும். அதற்காகவே அங்கே போகலாம்.

கோபுரத்திலிருந்து கப்பலுக்கு ஒரு பிளாக் அகலத்தில் காபுள்ஸ்டோன் பாலம் போட்டேன். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு, பின்பக்கமாக, ஒவ்வொரு கல்லாக. கப்பலின் அடித்தளத்தில் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது எலைட்ரா. ஒரே தட்டு, கையில் வந்தது. முன்பக்கம் தொங்கிய டிராகன் தலையையும் பெயர்த்துக்கொண்டேன். திரும்பும் வழியில், பாலத்தின் நட்டநடுவில் நிற்கும்போது அழைப்பு மணி.

சிலிண்டர். எஸ்கேப்பை அழுத்தினேன், மெனு வந்தது, எழுந்து போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பில்லில் போட்டிருக்கும் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் சேர்த்திதான். அதற்கு மேல் 60 ரூபாய் கேட்கிறார். "முதல் மாடிக்கா, படி ஏறணும்." தம்பி, போன தடவையும் இதே முதல் மாடியில்தானே இருந்தோம், அப்போது 40 கேட்டாய்? சில்லறை இல்லை என்றால் ஜிபே பண்ணச் சொல்கிறார். பில் தொகைக்கு மட்டும் ரொக்கம்தான் வேண்டுமாம், கூடுதலுக்கு மட்டும் டிஜிட்டல் இந்தியா. அவர் தூக்குகிற சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. பிரியமாகக் கொடுப்பது வேறு, வாசலில் நின்று வாங்குவது வேறு. ஏஜென்சிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் வாக்குவாதம் செய்துவிட்டு கடைசியில் 50 கொடுத்தேன். கொடுத்தேன் என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தால் திரை சிவந்து கிடக்கிறது. உலகத்தை விட்டுக் கீழே விழுந்துவிட்டதாக ஒரு வரி. அவ்வளவுதான்.

தனியாக ஆடும்போது எஸ்கேப் அழுத்தினால் எல்லாம் உறைந்துவிடும். லேனுக்குத் திறந்துவிட்டால் உறையாது, மெனுவுக்குப் பின்னால் உலகம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இத்தனை வருஷம் விளையாடியும் அது எனக்குத் தெரியாது. கப்பலில் ஒரு ஷல்கரை விட்டுவைத்திருக்கிறேன் போல. நான் 60 ரூபாய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அது நிதானமாக என்னைத் தூக்கி, பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டிருக்கும்.

எலைட்ரா போனது, ஓடுகள் போயின, மார்புக் கவசம் முதல் பூட்ஸ் வரை நெதரைட் போனது. அதையெல்லாம் விடுங்கள். வாள் போனது. மகன் நாலாம் வகுப்பில் ஆன்வில் என்ற பட்டறைக் கல்லில் வைத்து அதற்குப் பெயர் போட்டிருந்தான், ஆங்கில எழுத்தில் 'தோசைக்கரண்டி' என்று. வைரமாக இருந்து, பிறகு நெதரைட்டாக மாற்றியும் அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

டியூஷன் விட்டு வந்தவன் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏம்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சீட்டிங் ஆப்ஷன் ஆன் பண்ணா ஒரே கமாண்ட், எல்லாம் வந்துடும்" என்றான். வேண்டாம் என்றேன். கமாண்ட் போடுபவர்களையும் செத்தாலும் சாமான் போகாத கீப் இன்வென்டரி வைத்து ஆடுபவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவரவர் உலகம், அவரவர் விருப்பம். அதே பெயரில் இன்னொரு வாள் வரும்தான், நாலாம் வகுப்புப் பையன் வருவானா?

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். உங்களுக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது பயணம்தான்.

இந்தத் தடவை இரும்புக் கவசம், பெயர் இல்லாத வைர வாள். முக்கியமான சாமான் ஒரு எண்டர் செஸ்ட், அதை முழுசாகப் பெயர்க்க சில்க் டச் மந்திரம் உள்ள பிக்காக்ஸ். சில்க் டச் இல்லாமல் உடைத்தால் எட்டு ஆப்சிடியன் கல்தான் கையில் வரும், அங்கே போய் அதை வைத்து என்ன செய்வது? எண்டர் செஸ்ட்டில் போட்டது நாம் எங்கே செத்தாலும் வீட்டிலிருக்கும் இன்னொரு எண்டர் செஸ்ட்டில் பத்திரமாக இருக்கும். நல்லதாக எது கிடைத்தாலும் அந்த இடத்திலேயே செஸ்ட்டை வைத்து, உள்ளே போட்டு, பெயர்த்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் மெதுவாக விழவைக்கும் போஷன் நாலு. ஃபாண்டம் என்ற பறக்கும் பேயின் சவ்வில் காய்ச்சுவது, ரெட்ஸ்டோன் சேர்த்தால் ஒன்றரை நிமிஷம் நாலு நிமிஷமாகும். ஷல்கர் தூக்கிவிட்டாலும் இறகு மாதிரி இறங்கலாம், இறங்கும்போதே தீவுப் பக்கம் நகர்ந்துகொள்ளலாம். மிதப்பை நிறுத்த ஒரு வாளி பால் எடுத்துப் போங்கள் என்று சிலர் சொல்வார்கள். சரிதான், ஆனால் பால் எல்லா விளைவையும் துடைத்துவிடும், நீங்கள் குடித்த போஷனையும் சேர்த்து. நடுவானில் பால் குடித்தால் கதை முடிந்தது.

கட்டில் அங்கே வெடிக்கும், செத்தால் எழும் இடத்தைக் குறிக்கும் ரெஸ்பான் ஆங்கரும் வெடிக்கும். அதனால் செத்தால் மறுபடி வீட்டிலிருந்துதான் நடை. ஆனால் செத்தது தரையில் என்றால் பதறாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் சாமான் மறைந்துவிடும் என்பது அந்த இடம் லோடாகி இருக்கும்போது மட்டும்தான். நீங்கள் வீட்டில் எழுந்துவிட்டால் அங்கே கடிகாரமும் நின்றுவிடும். சாப்பிட்டுவிட்டே போகலாம்.

வழி தவறாமல் இருக்க, திரும்பும் நுழைவாயிலில் தொடங்கி ஒவ்வொரு தீவிலும் இடத்தைக் காட்டும் கோஆர்டினேட் எண்களை எழுதிக்கொண்டு போனேன், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். கிரிக்கெட்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த இடத்தோட சர்வே நம்பர்? சொல்லாம எங்கயாவது நிலம் வாங்கிட்டியா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழைய கப்பலுக்கே போய்ப் பயனில்லை, ஒரு கப்பலில் ஒரு எலைட்ராதான், எடுத்த இடத்தில் மறுபடி வராது. இரண்டு நகரங்களில் கப்பலே இல்லை. அதற்கடுத்த நகரத்தில் இருந்தது. ஷல்கர்களை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தேன், கப்பலை மேலும் கீழும் இரண்டு முறை சுற்றினேன், அப்புறம்தான் சட்டத்தைத் தட்டினேன். எலைட்ராவை அங்கேயே எண்டர் செஸ்ட்டில் போட்டேன். பறக்க இறக்கை இருந்தும், போட்ட பாலங்களின் மேல் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே முழுதூரமும் நடந்துதான் திரும்பினேன். இடையில் போன் அடித்தது, எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மலை உச்சியில் ஏறி எலைட்ராவை மாட்டினேன். அதன் ஆயுள் 432 புள்ளி, பறக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்று குறையும். ஏழு நிமிஷம் சொச்சம் வரும், அன்பிரேக்கிங், மெண்டிங் என்ற மந்திரங்களை ஏற்றிவிட்டால் கவலையில்லை. குதித்தேன், இறக்கை விரிந்தது, மகன் முதன்முதலில் கட்டிய கோணல் கூரை வீடு கீழே தெரிந்தது. வேகம் எடுக்க ராக்கெட்டைக் கொளுத்தினேன். டமால் என்று ஒரு சத்தம், உயிரைக் காட்டும் இதயங்களில் பாதி காலி. இன்னொன்று கொளுத்தினேன், மீதியிலும் பாதி காலி. எப்படியோ குளத்தில் போய் விழுந்தேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "ராக்கெட்ல ஸ்டார் போட்டியாம்மா?" என்றான்.

போட்டிருந்தேன். கலராக இருக்குமே என்று. பறக்கிறதுக்கு வெறும் காகிதமும் வெடிமருந்தும் போதுமாம். ஸ்டார் போட்டால் நம் மேலேயே வெடிக்குமாம்.