ஆள் எண்ணுவதும் படிப்புதான், அண்ணாச்சி

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. மகளை பி.ஏ. சமூகவியலில் சேர்த்து இரண்டு வாரம் ஆகிறது. பாடம் தொடங்கவில்லை, நாலு பேரோடு பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆள் எண்ணிவிட்டு வருகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் பாடம் தொடங்கிவிட்டது. 1897-இல் பிரான்சில் எமில் துர்கைம் என்ற சமூகவியல் முன்னோடி தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரவர் சொந்தத் துயரம் என்று நினைத்திருந்ததை அரசாங்கக் கணக்குகளை வைத்து ஆராய்ந்து, குடும்பம், மதம் போன்ற கட்டுகளோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டினார். எண்ணிப் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையில் அவ்வளவு பழையது.

முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பயிற்சி வேறு. பீடி சுற்றும் நாலு வீடுகளுக்குப் போய், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?" என்று கேட்கச் சொல்வேன். பெரும்பாலும் பதில் வராது. "சும்மா இருக்கும்போது சுத்துவேன்" என்பார்கள். சுளகை மடியில் வைத்தபடியே உலையைப் பார்ப்பார்கள், பிள்ளையை அதட்டுவார்கள். இதில் மணிக்கணக்கை எங்கே பிரிப்பது? அப்புறம் கேள்வியை மாற்ற வேண்டும்: "நேற்று விடிந்ததிலிருந்து என்னவெல்லாம் செய்தீர்கள்?" இப்போது இலை வெட்டியது, தூள் வைத்துச் சுற்றியது, நூல் கட்டியது, பீடிக்கடைக்கு நடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். 'சும்மா' என்ற சொல்லுக்குள் எத்தனை மணி நேரம் ஒளிந்திருந்தது என்று குழுவில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார்கள். தப்பான கேள்வியைத் திருத்தத் தெரிந்த பிள்ளைக்கு ஆய்வு முறைப் பாடம் பிறகு பயமுறுத்தாது.

எல்லாப் பயிற்சியையும் நான் ஆதரிக்கவில்லை. வரிசையில் நிற்க வைத்து, "வீட்டில் கார் இருந்தால் ஓரடி முன்னால் வா" என்கிற விளையாட்டு எனக்குப் பிடிக்காது. இல்லாத வீட்டுப் பிள்ளை எல்லார் கண்முன்னும் பின்னாலேயே நிற்கும். மகளுக்கு விருப்பமில்லை என்றால் ஒதுங்கி நிற்கலாம், ஆசிரியரிடம் சொல்லட்டும். இன்னொன்று, வெளியே போய்வந்த அன்றே அவள் எழுதுகிறாளா என்று பாருங்கள். எழுதாவிட்டால் அது வெறும் ஊர் சுற்றல்தான்.

வேலைக்கு வருகிறேன். பி.ஏ.வோடு நிறுத்தினால் கஷ்டம், மறைக்க மாட்டேன். எம்.ஏ. படிக்க அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பின் பக்கம் திரும்பலாம். கல்லூரியில் பாடம் நடத்த ஆசை என்றால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடம், இரண்டு தாளுக்கு 500 மதிப்பெண். கணக்கெடுப்பு வேலைகளுக்கு எக்செல் தெரிந்தே ஆக வேண்டும், முதல் வருஷமே பழகட்டும்.

சரி, அவள் குழு உங்கள் கடைக்கும் வரக்கூடும். பீடிச் சம்பளம் வரும் நாளில் யார் யார் பாக்கியைத் தீர்க்கிறார்கள் என்று உங்கள் பற்று நோட்டு சொல்லும். காட்டுங்கள், பெயர்களை மட்டும் தாள் வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்.