யாரைச் சுட அந்தத் துப்பாக்கி?

கேள்வி: அரசு கொடுங்கோலாக மாறினால் மக்கள் திருப்பிச் சுடுவதற்காகத்தான் அமெரிக்க அரசியல் சட்டத்தில் துப்பாக்கி உரிமையை எழுதிவைத்தார்கள் என்கிறார், டெக்சாஸில் இருக்கும் என் மாப்பிள்ளை. அப்படியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கால்வாசி சரி. மாப்பிள்ளை அந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் படித்திருக்கிறார் போலிருக்கிறது. இந்த உரிமையைச் சொல்வது, 1791-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம். அது மொத்தமே ஒரு வாக்கியம்தான். ஒழுங்கான குடிப்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியம் என்று தொடங்கி, அப்புறம்தான் ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமைக்கு வருகிறது.

குடிப்படை என்றால் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, அழைத்தால் வந்து நிற்கும் படை. நிரந்தர ராணுவம் என்றாலே அன்றைய அமெரிக்கர்களுக்கு ஆகாது. 1775 ஏப்ரலில் கான்கார்டு என்ற ஊரில் குடிப்படைக்காகச் சேர்த்துவைத்த ஆயுதங்களைப் பறிக்க பிரிட்டிஷ் சிப்பாய்கள் போனபோதுதான் விடுதலைப் போரே வெடித்தது. பிறகு புதிய அரசியல் சட்டம், குடிப்படைக்கு ஆயுதம் தரும் அதிகாரத்தையும் நாடாளுமன்றத்திடம் கொடுத்தது. 'தராமல் விட்டே நம் படையை ஒழித்துவிடுவார்களே' என்ற பயத்தை, அந்தச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1788-ல் கூடிய வர்ஜீனியா மாநிலச் சபையில் ஜார்ஜ் மேசன் என்ற தலைவர் கிளப்பினார். அதே சபையில் இன்னொரு தலைவரான பேட்ரிக் ஹென்றிக்கு வேறொரு கவலை: அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் மாநிலம் தானாகப் படையை அனுப்ப முடியுமா? சுதந்திர முழக்கத்துக்கு நடுவே இதையும் பேசினார்கள் என்பதை மாப்பிள்ளை சொல்லியிருக்க மாட்டார்.

மத்திய அரசின் மீது சந்தேகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோபம் வந்தவர்களெல்லாம் அரசைச் சுடலாம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. குடிப்படையை அழைத்துக் கலகத்தை அடக்கலாம் என்று அதே அரசியல் சட்டம் சொல்கிறது; நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது தேசத்துரோகம் என்றும் சொல்கிறது. 1792-ல் வந்த சட்டம் இன்னும் வேடிக்கை. 18 முதல் 45 வயது வரையுள்ள, உடல் வலுவுள்ள வெள்ளைக்கார ஆண்கள் படையில் பெயர் பதிந்து, சொந்தச் செலவில் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கியே தீர வேண்டும்! இரண்டே வருடத்தில், விஸ்கி வரி கட்ட மாட்டோம் என்று மேற்கு பென்சில்வேனியா விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். அதிபர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 குடிப்படையினரைத் திரட்டிக்கொண்டு தானே குதிரையேறிப் புறப்பட்டார். கலகக்காரர்கள் கலைந்து ஓடினார்கள்.

சரி, இன்றைய நிலை? குடிப்படைக்குச் சம்பந்தமில்லாத தனிமனிதரும் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல்தான் தெளிவாகச் சொன்னது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். இரு தரப்பு நீதிபதிகளும் ஒரே பழைய ஏடுகளைப் புரட்டித்தான் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். எனவே மாப்பிள்ளை திருடனுக்குப் பயந்து துப்பாக்கி வாங்கியிருந்தால் அந்தத் தீர்ப்பைத் தாராளமாகக் காட்டலாம். அரசாங்கத்தைச் சுடத்தான் என்றால், விஸ்கி விவசாயிகளின் கதையை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.