எங்கள் கடிதங்களை இனி யார் வாசிப்பது?

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். அபிட்டூர் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் நல்ல புள்ளிகள். மருத்துவம் படிப்பாள் என்றிருந்தோம். மூன்ஸ்டர் நகரத்தில் ஜெர்மானிஸ்டிக்கும் (ஜெர்மன் மொழி, இலக்கியப் படிப்பு) டச்சு மொழியும்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பிறந்ததிலிருந்து பேசுகிற டொச்சை (ஜெர்மன் மொழியை)ப் படிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு? மற்றபடி பொறுப்பான பிள்ளை. தாய்க்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக்கூட 11 வயதில் அவள்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். அவள் போய்விட்டால் எங்கள் கடிதங்களை யார் வாசிப்பது?
– ஒரு தகப்பன்

பதில்: தம்பி, படிப்பு விஷயம் பிறகு. "பொறுப்பான பிள்ளை" என்று ஒரு வரியில் கடந்து போனீர்களே, அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. 11 வயதுப் பிள்ளை டாக்டருக்கும் தாய்க்கும் நடுவில் உட்கார்ந்து, தமிழில் தனக்கே பெயர் தெரியாத உறுப்பை எடுக்கப் போகிறார்கள் என்று தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவள் அங்கேயே பிறந்தவள் என்றால், அன்றைக்கு நீங்கள் அந்த நாட்டுக்கு வந்து 11 வருடமாவது ஆகியிருக்கும். வேலை, ஷிஃப்ட், நேரமில்லை என்பீர்கள். எனக்கு எழுதுகிற தகப்பன்மார் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். டொச் தெரிந்த பெரியவர் ஒருவரை அந்த ஒரு நாளைக்குக் கூட்டிப் போயிருக்கலாமே!

பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கடமைப்பட்டவர்கள். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. உங்கள் மகள் அதைச் சின்ன வயதிலேயே செய்யத் தொடங்கிவிட்டாள். அவள் பெயரில் இன்னும் ஆறு வருட மருத்துவத்தையும் கடனாக எழுதாதீர்கள்.

பேசுகிற மொழியைப் படிப்பானேன் என்கிறீர்கள். தமிழ் பேசுகிற எல்லாரும் தொல்காப்பியம் படித்துவிட்டோமா? ஜெர்மானிஸ்டிக்கில் 1200ஆம் ஆண்டையொட்டிய நூல்களை அந்தக் காலத்து டொச்சிலேயே வாசிக்க வேண்டும். இன்றைக்கு டொச் பேசுகிறவர்களுக்கே அது தனியாகக் கற்க வேண்டிய மொழி. டொச்சில் மாறிப்போன பழைய மெய்யொலிகள் பல டச்சில் இன்னும் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து எடுத்தது கெட்டித்தனம்.

பிழைப்பைப் பற்றிக் கேட்கத் தகப்பனுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். ஆசிரியர் பாதையா என்று கேளுங்கள். உங்கள் மாநிலத்தில் அதற்கு மூன்று வருட இளங்கலை, இரண்டு வருட முதுகலை, பிறகு பள்ளியில் 18 மாதப் பயிற்சி. நெதர்லாந்து எல்லைப் பக்கப் பள்ளிகளில் டச்சும் ஒரு பாடம். ஆசிரியர் வேலை வேண்டாம் என்றால், வேறு என்ன யோசனை என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கடிதங்களை நீங்கள் வாசிப்பீர்கள். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்கிற பெரியவர்களுக்கான கல்வி நிலையத்தில் மாலை டொச் வகுப்புகள் இருக்கின்றன. இந்தக் கிழமையே போய்ப் பதியுங்கள். மனைவியையும் சேர்த்துப் பதியுங்கள். தன் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை இனி அவரே நேரில் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். அக்டோபரில் செமஸ்டர் தொடங்கிவிடும். மூன்ஸ்டரில் மாணவர்களுக்கு அறை கிடைப்பது பெரும்பாடு. அந்த அலைச்சலையாவது மகளின் தலையில் போடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.