மனித அசைவின் முதல் ஒளிப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மைபிரிட்ஜும் மாரேயும் செய்தது ஒன்றுதானே?

பதில்: இருவரும் 1830இல் பிறந்து 1904இல் மறைந்தவர்கள், ஒற்றுமை பெரும்பாலும் அத்துடன் முடிகிறது. ஒளிப்படக் கலைஞரான மைபிரிட்ஜ் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, அசைவின் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் படமாக எடுத்தார். 1887இல் வெளியான அவருடைய 781 தட்டுகளில் (ஓர் அசைவின் படங்களை வரிசையாக அடுக்கிய அச்சுப் பக்கங்களில்) பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றியவை. உடலியல் அறிஞரான மாரே, 1882 முதல் பாரிசில், ஒரே கேமராவுக்குள் துளையிட்ட வட்டத்தகட்டைச் சுழலவிட்டு, ஒரே கண்ணாடித் தட்டில் எல்லா நிலைகளையும் பதித்தார். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியதால், நடப்பவருக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிவித்து, கைகால்களின் நெடுகிலும் மின்னும் பட்டைகளை ஒட்டி, கறுப்புப் பின்னணியின் முன் நடக்கச் செய்தார். தட்டில் உடல் மறைந்து, கோடுகள் மட்டும் எஞ்சின. படங்களுக்கு இடைப்பட்ட நேரம் தெரிந்திருந்ததால் அக்கோடுகளிலிருந்து வேகத்தைக் கணக்கிட முடிந்தது. நடையை அளக்கும் இன்றைய ஆய்வகங்களுக்கு இவரே முன்னோடி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மைபிரிட்ஜின் தட்டுகளிலிருந்து ஓடுபவரின் வேகத்தைக் கணிக்கலாமா?

பதில்: கூடாது. அவற்றைக் கண்ணால் பாருங்கள், அளவுகோலால் தொடாதீர்கள்.

கேள்வி: ஏற்க முடியவில்லை. பின்னணியில் சதுரக் கட்டங்கள் இருக்கின்றனவே, அவை அளப்பதற்குத்தானே?

பதில்: கட்டங்கள் சுவரில் இருக்கின்றன, மனிதரோ சுவருக்கு முன்னால் நடக்கிறார், ஆகவே கட்டங்களோடு ஒப்பிட்டால் அவர் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றுவார். அதைத் திருத்திக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். பல தட்டுகளில் சில படங்கள் விடுபட்டிருப்பதையும், வரிசை மாற்றிச் சேர்க்கப்பட்டிருப்பதையும் ஆய்வாளர் மார்த்தா பிரவுன் காட்டியிருக்கிறார். வரிசையே உறுதியில்லாதபோது நேரத்தை எதிலிருந்து பெறுவீர்கள்?

கேள்வி: அப்படியானால் மைபிரிட்ஜ் ஏமாற்றுக்காரரா?

பதில்: அப்படிச் சொல்வது பெரும் அநியாயம். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்பதை 1878இல் கலிபோர்னியாவில் கண்முன் நிறுத்தியவர் அவர். அவருடைய தட்டுகள் ஓவியர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அளவைத் தரவாக அவற்றை எடுத்துக்கொள்வதையே நான் மறுக்கிறேன்.

கேள்வி: அவர் மீதான கொலை வழக்கு?

பதில்: 1875இல் விடுதலை பெற்றார். மேற்கொண்டு அறியச் சட்ட வரலாறு கற்றவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: மைபிரிட்ஜின் நடைப் படங்களிலாவது நேரத்தை அளக்கலாமா?

பதில்: ஓட்டத்துக்குச் சொன்ன விடையே நடைக்கும் பொருந்தும்; தயவுசெய்து மேலே உள்ளதைப் படியுங்கள். அளவுதான் வேண்டுமென்றால் 1891இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரவுனே, ஃபிஷர் என்ற இரு அறிஞர்கள் செய்ததைத் தேடுங்கள். ஒளிரும் கைஸ்லர் குழாய்களை (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும், வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை) படைவீரர் ஒருவரின் கைகால்களில் கட்டி, இரவில் அவரை நடக்கவிட்டு, நான்கு கேமராக்களில் பதிவுசெய்து, மூட்டுகளின் இருப்பிடங்களை முப்பரிமாணத்தில் கணக்கிட்டார்கள்.