லயத்துக் கூரையும் சட்டசபையும்

கேள்வி: சட்டசபை கூடினால் எங்கள் எம்.எல்.ஏ.வை ஊரில் பார்க்கவே முடிவதில்லை. திருவனந்தபுரத்தில் அப்படி என்னதான் வேலை?
– தோட்டத் தொழிலாளி ஒருவர், மூணாறு

பதில்: தங்கச்சி, நானும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். பார்வையாளர் மாடத்தில் ஒரு நாள் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரமிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சபாநாயகர் அனுமதித்தால் உறுப்பினர் அதையொட்டித் துணைக்கேள்வியும் போடலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். லயத்துக் கூரை ஒழுகுவதை அங்கே கேட்டால் அது அவைக்குறிப்பில் ஏறிவிடும். அப்புறம் 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் நழுவ முடியாது. பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் தொகையை, எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய துறைக் குழுக்கள் அலசும். அந்த வேலையும் உண்டு.

மலையாளமோ இந்தியோ ஆங்கிலமோ சரளமாக வராதவர் என்ன செய்வார்? சபாநாயகர் அனுமதித்தால் தாய்மொழியில் பேசலாம், அரசியலமைப்பின் 210ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. 2021இல் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தபோது, என் அம்மா டிவி முன்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போது, நம் தோட்டங்களைப் பற்றி எத்தனை கேள்வி போட்டார் என்று தேதியோடு கேளுங்கள்.